9 வார ஸ்கேனில் இருக்கும் எண்கள் ஆணா பெண்ணா என்று சொல்லுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்; இப்போது இரண்டாவது கர்ப்பம். கடைசி மாதவிலக்கு நாள் கணக்குப்படி 8 வாரம் 6 நாள் ஆனபோது எடுத்த ஸ்கேனில் கரு 26 மில்லிமீட்டர், 9 வாரம் 3 நாள் வளர்ச்சி என்று வந்திருக்கிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 176. அந்த ரிப்போர்ட்டை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வம்பு தொடங்கிவிட்டது. "நாலு நாள் பெருசா இருக்கு, பையன்தான்" என்கிறார் மாமியார். "துடிப்பு 140க்கு மேல போனா பொண்ணு" என்கிறார் நாத்தனார். மூத்தவளுக்கு 158தான் இருந்தது, அதனால் இது வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பது கணவரின் கணக்கு. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், "இங்கே பத்தாவது வாரத்திலேயே சொல்லிடறாங்களே" என்றிருக்கிறார். இன்னொரு உறவினர் ஒரு படி மேலே போய், பக்கத்து மாநிலத்தில் 25,000 ரூபாய் கொடுத்தால் சொல்லும் இடம் தனக்குத் தெரியும் என்றிருக்கிறார். கணவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ரெண்டாவதும் பொண்ணா இருந்தா என்ன பண்றது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாராம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. எண்களை வைத்துச் சொல்ல முடியுமா, ரிப்போர்ட்டின் கீழே டாக்டர் பச்சை மையில் சுழித்திருப்பது ஏதாவது சாடையா, வீட்டில் கூட்டிக்கொண்டு போனால் போலீஸ் தன்னைத்தானே முதலில் பிடிக்கும் என்று முக்கியமாக மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். "ஒரு ஆண் வாரிசைக் கொடுக்க என்னால் முடியவில்லை" என்று நடுவில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு கர்ப்பத்தின் ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அவற்றிலேயே இருக்கிறது.

அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு ஸ்கேன் எடுத்த டாக்டராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஒரே தாளைப் பார்த்து உங்கள் மாமியார் பையன் என்கிறார், நாத்தனார் பெண் என்கிறார். இருவரில் ஒருவர் சொன்னது கட்டாயம் பலிக்கும். பலித்தவர் அதைப் பத்து வருடத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், பலிக்காதவர் மறந்துவிடுவார். இந்தக் கணக்குகளெல்லாம் தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருப்பதற்கு இது போதும். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொன்னாலும் இரண்டில் ஒரு முறை சரியாக வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும் நொடியிலேயே முடிவாகிவிட்டாலும், வெளியே தெரியும் உறுப்புகள் 9ஆம் வாரத்தில் இரு பாலருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த வாரத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்த மெஷினை வைத்துப் பார்த்தாலும் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. பச்சை மைக்கும் இதுவே பதில். மையின் நிறத்தையும் கையெழுத்தையும் வைத்துச் சாடை காட்டிய ஆட்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் டாக்டருக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்றை அவர் எப்படிச் சாடையாகச் சொல்வார்? அவர் கையில் கிடைத்த பேனா அன்றைக்குப் பச்சை, அவ்வளவுதான்.

அந்த நான்கு நாள் எங்கிருந்து வந்தது?

ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று போட்டிருப்பது கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளம். கால் கணக்கில் வராது. முதல் மூன்று மாதத்தில் கர்ப்பத்தின் வயதைக் கணிக்க இதைவிட நம்பகமான அளவு வேறு இல்லை. அதற்காகத்தான் எடுக்கிறோம்.

இந்தக் கட்டத்தில் கரு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவே வளரும். ஸ்கேன் எடுப்பவர் திரையில் புள்ளி வைக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே ஒன்றிரண்டு நாள் மாறிவிடும். கரு கொஞ்சம் சுருண்டிருந்தால் குறையும், நிமிர்ந்திருந்தால் கூடும். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் ஸ்கேன் செய்தால் இரண்டு எண் வருவது சகஜம்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். கடிதத்தின் முதல் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கு எப்போதும் 25 நாளிலேயே வந்துவிடும்." கடைசி மாதவிலக்கு நாள் கணக்கு என்பது 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 14ஆம் நாளில் முட்டை வெளிவரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. 25 நாள் சுழற்சி என்றால் முட்டை ஏறக்குறைய 11ஆம் நாளிலேயே வந்திருக்கும். அப்படியானால் உங்கள் குழந்தை, காலண்டர் சொல்வதைவிட மூன்று நாள் மூத்தது. மீதி ஒரு நாள் அளவெடுப்பதில் வரும் வித்தியாசம். மாமியார் கண்டுபிடித்த "பையனின்" நான்கு நாள் இப்படித்தான் சேர்ந்தது.

ஆனால் மாமியார் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆண் சிசுக்கள் முதல் மூன்று மாதத்திலிருந்தே சராசரியில் மிகக் கொஞ்சம் பெரியவை என்று 1980இலேயே டென்மார்க்கிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு நாள் வளர்ச்சி. நூற்றுக்கணக்கான கர்ப்பங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அது கண்ணுக்கே படும். ஊரில் ஆண்கள் பெண்களைவிடச் சராசரியாக உயரம்தான். அதற்காக, கதவுக்குப் பின்னால் நிற்பவரின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம் என்று மட்டும் சொன்னால் அது ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியுமா? கருவில் இருப்பது அதைவிடச் சின்ன வித்தியாசம். அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் முட்டை வெளிவந்த நாளாலேயே வந்துவிடுகிறது.

176ம் 158ம்

இதில் உங்கள் கணவர் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். மூத்த மகளின் 158 எடுக்கப்பட்டது 12 வாரம் 2 நாளில். இப்போதைய 176 எடுத்தது 9ஆம் வாரத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு.

கருவின் இதயம் 6ஆம் வார வாக்கில் நிமிடத்துக்கு 100, 110 என்று மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு நாளுக்கு நாள் வேகமெடுத்து 9ஆம் வாரத்தில் 170க்கு மேல் போய் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு இதயத்தை அடக்கிப் பிடிக்கும் நரம்புகள் முதிர முதிர இறங்க ஆரம்பிக்கும். 12, 13 வாரத்தில் 150, 160 பக்கம் வந்துவிடும். பிரசவ சமயத்தில் 110இலிருந்து 160 வரை எதுவும் சாதாரணம். உங்கள் மூத்த மகளை 9ஆம் வாரத்தில் ஸ்கேன் செய்திருந்தால் அவளுக்கும் 170ஐ ஒட்டித்தான் வந்திருக்கும்.

நாத்தனாரின் 140 கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். 9ஆம் வாரத்தில் நல்லபடியாக வளரும் கரு எல்லாமே 140க்கு மேல்தான். அப்படியானால் தமிழ்நாட்டில் அந்த வாரத்தில் ஸ்கேன் எடுத்த எல்லோருக்கும் பெண் பிறந்திருக்க வேண்டும். அதே குழந்தை எட்டாம் மாதத்தில் தூங்கும்போது 125, அசையும்போது 150 காட்டும். ஒரே மதியத்தில் பையனாகவும் பெண்ணாகவும் மாறிக்கொண்டா இருக்கிறது? முதல் மூன்று மாதத் துடிப்பை வைத்து ஆய்வு செய்து பார்த்தவர்களுக்கும் ஆண், பெண் இடையே சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

நீங்கள் பயந்தது போல 176 ஆபத்தான வேகமும் இல்லை. உங்கள் வாரத்துக்கு அது நல்ல எண்.

கடிதத்தில் நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. நஞ்சுக்கொடி வலப்பக்கம் ஒட்டினால் பையன், இடப்பக்கம் என்றால் பெண் என்று இணையத்தில் சுற்றுவதைச் சரிபார்த்தவர்களுக்கு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கருவைச் சுற்றியுள்ள பை உருண்டையா நீளமா என்பது உங்கள் சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருந்தது, கருப்பை அந்த நேரத்தில் இறுகியிருந்ததா என்பதைப் பொறுத்தது. கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையில் மட்டும் பெண் சிசு உள்ளவர்களுக்குச் சராசரி சற்றுக் கூடுதல் என்பது நிஜம். ஆனால் 6ஆம் வாரத்தில் அந்த எண் ஒருவருக்குச் சில ஆயிரமாகவும் இன்னொருவருக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டியும் இருக்கும், இரண்டுமே சாதாரணம். அதில் சராசரியைத் தேடி என்ன செய்ய? மசக்கைக்கும் இதே கதைதான்.

கனடாவில் மட்டும் எப்படி?

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் ஸ்கேன் எண்களை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. கர்ப்பிணியின் ரத்தத்தில் சிசுவின் தரப்பு டி.என்.ஏ. துண்டுகள் கலந்திருக்கும் என்பது 1997இல் கண்டறியப்பட்டது. பத்தாவது வாரத்துக்கு மேல் அந்தத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு அதிகமா என்று சொல்லும் பரிசோதனை வந்திருக்கிறது. ஆண் சிசுவுக்கே உரிய ஒய் குரோமோசோம் துண்டு இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். நம் ஊரிலும் அந்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் இங்கே ரிப்போர்ட்டில் பாலினம் வராது, வரவும் கூடாது. இங்கிருந்து ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று உங்கள் நாத்தனார் யோசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஏற்பாடு செய்பவர்களும் சட்டத்திலிருந்து தப்ப முடியாது.

பிந்தைய மாத ஸ்கேன்களில் எதைப் பார்த்தால் தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. சட்டம் தடுப்பது ஒரு காரணம். உங்கள் வீட்டில் அந்தப் பதிலுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியவில்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

சட்டத்தின் முன் உங்கள் நிலை

இதில்தான் நீங்கள் நிறையத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். தப்பென்று தெரிந்தால் நிம்மதிதான்.

கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2003இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. இது மத்திய சட்டம். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் வேறு சட்டம் என்று உங்கள் உறவினர் நினைத்தால், அங்கேயும் இதே சட்டம்தான். சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். சொல்லும் டாக்டருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் நிரூபணமானால் 5 ஆண்டுகளுக்கு மருத்துவப் பதிவும் போய்விடும். அதற்காக நாடிப் போகும் கணவருக்கும் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அபராதத் தொகையைக் கவனித்தீர்களா? கேட்டுப் போகிறவருக்குத்தான் அதிகம். இதை உங்கள் உறவினரிடம் யாராவது சொன்னால் நல்லது.

ஆனால் "என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள்" என்பது சரியில்லை. கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்லப்பட்ட கர்ப்பிணிக்கு அந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கும் மேலே, வேறு மாதிரி நிரூபிக்கப்படாதவரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவர் வந்தார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனுக்கு முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் எஃப் தாள் நினைவிருக்கிறதா? பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று அதில் நீங்கள் உறுதி கூறுகிறீர்கள், கண்டறியவும் இல்லை, தெரிவிக்கவும் இல்லை என்று டாக்டர் உறுதி கூறுகிறார். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த முறை படித்துப் பாருங்கள்.

கருக்கலைப்பு என்று யாராவது பேச்செடுத்தால், 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே செல்லும். கணவர் கையெழுத்து தேவையும் இல்லை, கணவர் சம்மதம் உங்கள் சம்மதத்துக்கு ஈடாகவும் ஆகாது. பெண் குழந்தை என்பது கருக்கலைப்புக்குச் சட்டம் ஒப்பும் காரணம் இல்லை. உங்கள் விருப்பமில்லாமல் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகும். பாலில் கலந்தோ சத்து மாத்திரை என்று சொல்லியோ கொடுத்தாலும் இதேதான்.

அந்த 25,000 ரூபாய் இடம்

இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. வீட்டு அறையிலோ காரிலோ கையடக்க மெஷினை வைத்துக்கொண்டு, மருத்துவமே படிக்காதவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். சொல்வது தப்பாகவும் போகும். "பெண்" என்று சொன்னால் கலைப்பதற்கு இன்னொரு தொகை வாங்கலாம் என்ற நிலையில் இருப்பவரின் வாயிலிருந்து எந்தப் பதில் அடிக்கடி வரும் என்று உங்கள் கணவர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 13, 14 வாரத்தில் மாத்திரை போட்டு, அரைகுறையாகக் கலைந்து, நிற்காத ரத்தப்போக்கோடு அரசு மருத்துவமனைக்கு நடுராத்திரியில் வரும் பெண்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கருப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நிலைமைகூட வருவதுண்டு.

கணவரிடம் பேசுவது

"ஆண் வாரிசைக் கொடுக்க என்னால் முடியவில்லை" என்ற வரியை அடித்துவிடுங்கள். முட்டையில் எப்போதும் இருப்பது எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில்தான் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. முதலில் சேர்வது எக்ஸ் என்றால் பெண், ஒய் என்றால் ஆண். இதைக் கணவர் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை, எந்த விந்தணு சேரும் என்பது அவர் கையிலும் இல்லை. உங்கள் மேல் இருக்கும் பழியை இறக்கி வைக்கத்தான் சொல்கிறேன்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி திட்டமா, பயமா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. செலவை நினைத்து, அம்மாவின் பேச்சை நினைத்து உளறியதாகவும் இருக்கலாம். ஊகித்துக்கொண்டு விழித்திருப்பதைவிட, மாமியாரும் நாத்தனாரும் இல்லாத நேரத்தில் நேராகக் கேட்டுவிடுங்கள்: "பொண்ணுன்னா வேண்டாம்னு நினைக்கிறீங்களா?" அவர் இல்லை என்றால், உறவினரிடம் அவரே வேண்டாம் என்று சொல்லிவிடட்டும். நீங்கள் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த ஸ்கேனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எண்கள் எதற்கு என்று டாக்டர் வாயால் கேட்கும்போது பல ஆண்கள் அடங்கிவிடுகிறார்கள்.

அவர் மழுப்பினாலோ கட்டாயம் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம். செக்கப்புக்குப் போகும்போது நர்ஸிடம் "டாக்டரைத் தனியா பார்க்கணும்" என்று சொன்னால் போதும், காரணம் கேட்காமல் மற்றவர்களை வெளியே உட்கார வைப்பார்கள். 181 பெண்கள் உதவி எண். 104இல் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட ஸ்கேன் இடங்களைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். தாய்வீட்டில் ஒருவருக்காவது இப்போதே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கர்ப்ப ஃபைல் உங்கள் கையில் இருக்கட்டும். அட்டையில் பெயர் இல்லாத, உங்கள் டாக்டர் எழுதாத எந்த மாத்திரையும் வேண்டாம். ஒரு சின்ன வேண்டுகோள்: அடுத்த ரிப்போர்ட் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டாம்.

பிரசவ தேதியை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வாரத்தில் ஸ்கேனுக்கும் காலண்டருக்கும் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் பொதுவாக மாற்றுவோம். உங்களுக்கு நான்குதான், பழைய தேதியே இருக்கட்டும். அந்தக் கணக்கில், ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து 15ஆம் நாளில் உங்களுக்கு 11 வாரம் முடியும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்குள், டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட வேண்டும். கரு 45 மில்லிமீட்டரிலிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் கழுத்துப் பின்பக்க நீர் அளவு சரியாகக் கிடைக்கும், அதற்குப் பிறகு போனால் பிரயோஜனம் இல்லை. குறைபாடு பார்க்கும் ஸ்கேனை 18இலிருந்து 20 வாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நடுவில் ரத்தக் கசிவோ ஒரு பக்கமாக வயிற்று வலியோ வந்தால், நாள் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.